கை காட்டாமலே நிற்கும் வண்டி

"எங்க ஊட்டுக்காரரு வண்டி வந்தா ரோட்டோரமா நிக்காதீங்க அம்மணி. ஏத்திக்கிட்டுப் போயிருவாரு."

மேல்மாடியில் குடிபோன முதல் வாரம் வீட்டுக்கார அக்கா எனக்குச் சொன்ன முதல் புத்திமதி இதுதான். என் கணவருக்கு அவிநாசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியிருந்தோம். புதுசாகக் குடி வருகிறவர்களிடம் தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்றுதான் எல்லா ஊரிலும் சொல்வார்கள். இந்த அம்மாள் சொந்தக் கணவரைப் பற்றியல்லவா எச்சரிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. ஒரு மாதத்தில் விஷயம் பிடிபட்டது. மனிதர் மரியாதை முற்றிப் போனவர்.

பக்கவாட்டில் கதவை இழுத்துத் திறக்கிற பழைய வெள்ளை வேன் ஒன்று வைத்திருந்தார். தோப்புக்குப் போகிறேன் என்று காலையில் எடுப்பார். தோப்பு பக்கத்திலேயேதான். ஆனால் வழியில் யாராவது நின்றால் தோப்பு மறந்துவிடும். "ஏனுங்க, எங்கீங்க? ஏறுங்க, ஏறுங்க" என்று வண்டி நின்றுவிடும். அவர்கள் எதிர்த்திசையில் போகிறவர்களாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்வார். பேச்சு சுவாரசியத்தில் யாரையாவது தாண்டிப் போய்விட்டால், பாலம் வரை போயிருந்தாலும் ரிவர்ஸிலேயே வருவார். பின்னால் வருகிற டவுன்பஸ் டிரைவர்கள் அவரைத் திட்டுவதற்கென்றே தனியாக வார்த்தைகள் வைத்திருந்தார்கள். அதற்கும் சன்னல் வழியாகக் கும்பிடு போடுவார்.

ஒருநாள் மளிகைக் கடைக்காரர் கடையில் புழுக்கம் தாங்காமல் வாசலில் வந்து காற்று வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். வேன் நின்றது. "ஏறுங்க" என்றார் இவர். எங்கும் போகவில்லை என்று கடைக்காரர் சொல்லியிருக்கலாம். அவரும் அந்த ஊர்க்காரர்தானே, இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது? ஏறி உட்கார்ந்துவிட்டார். கடை திறந்தபடி கிடக்க, அவிநாசி வரை போய், இறங்கி, நன்றி சொல்லி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். மதுரையாக இருந்தால் அன்று சாயங்காலம் கைகலப்பு நடந்திருக்கும். இங்கே அடுத்த நாள் கடைக்காரர் இவரைப் பார்த்து, "நேத்து சிரமம் கொடுத்துட்டனுங்க" என்று வருத்தம் தெரிவித்தார். நான் என் காதால் கேட்டேன்.

யாரையும் மறுக்க விடமாட்டார். அதே அளவுக்கு, தானும் எதையும் மறுக்கமாட்டார். வாசலில் வந்து நின்று விற்பவர்கள் எல்லோருக்கும் அவர் வீடு சொர்க்கம். தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் மட்டும் மூன்று இருந்தது. "அந்தத் தம்பி வெயில்ல வந்துட்டானுங்க, எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்பார். சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு விஷயம் காதில் விழுகிற வரைக்கும்.

அவருக்குத் தினம் குடிக்கிற பழக்கம் கிடையாது. வருடத்தில் சில நாள்தான், அதுவும் விருந்துகளில். அந்தப் பக்கம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவார்கள். கெடா விருந்து என்று பெயர். பந்தி ஒருபக்கம் நடக்கும். பின்னால் மர நிழலில் ஆண்கள் கொஞ்சம் பேர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். இவருடைய மைத்துனர், அக்காவின் தம்பி, அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். அவர் ஊற்றினால் இவர் குடிப்பார். குடித்துவிட்டு வண்டி எடுப்பார். எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவர் மனசு சங்கடப்படுமே என்று.

ஒரு விருந்து நாள் சாயங்காலம் அப்படித்தான் கிளம்பியிருக்கிறார். பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப்பில் டீச்சரும் அவர் மகளும் நின்றிருந்தார்கள். டீச்சர் எங்கள் தெருக்காரர், பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கல்லூரி பஸ் அவளை அங்கே இறக்கிவிடும், இரண்டு பேரும் சேர்ந்து டவுன்பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்கள். வேன் நின்றது. "ஏறுங்க டீச்சர், ஏறு கண்ணு." வழக்கமான குரல், வழக்கமான சிரிப்பு. ஏறிவிட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் வளைவில் போலீஸ்காரர்கள் நின்று ஹெல்மெட் போடாத பைக்குகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வேனைப் பார்த்ததும் போ போ என்று கையைக் காட்டினார்கள். வேறு யாராக இருந்தாலும் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் நிறுத்தினார். சன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங் சார், இந்த வெயில்ல நிக்கறீங்களே. பின்னால எளநி கெடக்குதுங்க, ஒண்ணு வெட்டட்டுங்களா?"

எஸ்.ஐ. ஒரு அடி பின்னால் போனார். அவ்வளவு வாசம். கருவியைக் கொண்டுவந்து ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஊதிவிட்டு, "சரியா ஊதுனனுங்களா சார், இன்னொருக்கா ஊதட்டுங்களா?" என்று கேட்டாராம். வேலைக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்ற கவலை அவருக்கு. இப்படிக் கூப்பிட்டு மாட்டிக்கொண்ட ஆளை அந்த எஸ்.ஐ. தன் சர்வீஸில் பார்த்திருக்கமாட்டார்.

ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: போலீஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே வந்த கல் லாரி அவர்கள் வண்டியை உரசாத குறையாகப் போனதாம். மகள் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாளாம். அவர் அப்போதும் ரோட்டைப் பார்க்காமல் திரும்பி, "படிப்பெல்லாம் எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்ல மனுஷன் என்பதால் லாரி விலகிப் போய்விடுமா என்ன?

கோர்ட், அபராதம் எல்லாம் முடிந்து, லைசென்ஸை ஆறு மாதத்துக்கு முடக்கி வைத்தார்கள். வேன் சாக்குப் படுதா போர்த்திக்கொண்டு கொட்டகையில் நின்றது. சாவியை அக்கா எடுத்துக்கொண்டார்.

அந்த ஆறு மாதமும் அவர் பட்ட பாடு பெரும் பாடு. நடப்பதோ பஸ்ஸில் தொங்குவதோ அவருக்குக் கஷ்டமாக இல்லை. ஊரில் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இப்போது அவருக்காக நிறுத்தினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் ஏற்றிக்கொண்டு போன கடன், பைக்கிலும் டெம்போவிலும் பால் வண்டியிலும் வந்து எதிரே நின்றது. ஏற வெட்கம், மறுக்கவும் தெரியாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டிச் சத்தம் கேட்டால் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். வெள்ளை வேட்டி சட்டையில் அந்தப் பெரிய உருவம் மரத்துக்கு இரண்டு பக்கமும் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். அதுவும் ஒரு மரியாதை.

நான் மட்டும் ஸ்கூட்டரை நிறுத்தி, "மரத்துக்குப் பின்னாடி என்ன வேலை? வாங்கண்ணே, ஏறுங்க" என்று அதட்டினேன். தயங்கித் தயங்கிப் பின்னால் உட்கார்ந்தார். ஸ்கூட்டரின் முன்சக்கரம் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது. வீடு வரும்வரை, "சிரமம் கொடுக்கறனுங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லைசென்ஸ் திரும்பக் கிடைக்க ஒரு வகுப்பில் உட்கார வேண்டும் என்றிருந்தார்கள். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று ஒரு குலை இளநீரை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து வந்தார். அதை அதிகாரியின் மேஜைமேல் வைத்ததும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"யோவ், என்னய்யா இது? கண்டவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? எடு, எடு."

"ஐயோ, லஞ்சமெல்லாம் இல்லீங் சார். நம்ம தோப்புக் காயிங்க."

"எந்தத் தோப்புக் காயா இருந்தா என்ன? மொதல்ல வெளிய கொண்டு போ."

வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். வகுப்பில் மீசை அரும்புகிற பையன்களோடு உட்கார்ந்து, விபத்துப் படங்களைக் கண் கொட்டாமல் பார்த்தார். பாடம் எடுத்தவர், "தெரிஞ்சும் ஏன் குடிச்சிட்டு ஓட்டுறோம்? யாராவது சொல்லுங்க" என்று கேட்டார். இவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "வேண்டாம்னு சொல்லத் தெரியாதுங் சார்" என்றார். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். கதவோரம் நின்றிருந்த எனக்கு அவர் முகம் தெரிந்தது. அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்தது. வேனைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங் அம்மணி, நம்மூர்ல எல்லாத்துக்கும் திடீர்னு நடக்கற பழக்கம் வந்துருச்சுங்களா?"

யாரும் ஏறவில்லை. யாரும் ஏறமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைச் சொல்வதற்கு நூறு வழி இருந்தது. "நீங்க போங்க, நான் பொறகால வாரனுங்க." "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கறாருங்க." "நம்ம தம்பி வாரேன்னு சொன்னானுங்க." ஒரு பாட்டி, பழனிக்கு வேண்டுதல் இருப்பதால் இனி எங்கும் நடைதான் என்றாராம். அந்தப் பாட்டி அடுத்த நிமிஷமே டவுன்பஸ்ஸில் ஏறியதை இவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். சிரிப்பு வந்தது எனக்கு, அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மனிதர் இளைத்துப் போயிருந்தார். அரசாங்கம் கொடுத்த அந்த அட்டையை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம், ஆளில்லாமல். அவருக்கு அது எதற்கு?

எனக்குக் காரணம் தெரியும், அந்த லாரி விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சொல்லவும் வாய் வந்தது. ஆனால் அதைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தார்.

"டீச்சரைக் கேட்டீங்களா?" என்றேன்.

ஊரில் எல்லோருக்காகவும் நிறுத்தியவர், அந்த பஸ் ஸ்டாப்பை மட்டும் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் என் ஸ்கூட்டர் பஞ்சர், பஸ்ஸும் போய்விட்டது. அவர் வேன் வந்தது. "வாயைத் திறங்கண்ணே" என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் ஏறியது கணக்கில் சேராது, நான் வெளியூர்க்காரி, வேறு வழியும் இல்லை. பக்கத்து ஊர் ஸ்டாப்பில் டீச்சர் தனியாக நின்றிருந்தார். "நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். ஏறுங்க என்று அவரால் சொல்ல முடியவில்லை. டீச்சரே சன்னல் பக்கம் வந்தார்.

"ஏனுங்ணா, தப்பா நெனைக்காதீங்க. நான் சொல்லியே ஆகோணும்" என்று ஆரம்பித்தார். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வண்டில ஏறுன ஒடனே எனக்கு வாசம் தெரிஞ்சுபோச்சுங்க. எறங்கிக்கறேன்னு சொல்ல வாய் வருலீங்க. உங்க மனசு நோகுமேன்னு, என்ர புள்ளய அந்த வண்டில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தனுங்க. லாரி வந்தப்பக்கூட நான் கத்துலீங்க. அத நெனச்சா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வாரதில்லீங்க. இனி யாரு மனசு நொந்தாலும் அப்படி உக்கார மாட்டனுங்க."

அந்த ஊரில் யாரும் யாரிடமும் இப்படி நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை.

"நான் செஞ்சது பெரிய தப்புங்க டீச்சர்" என்றார் அவர். "இனி எப்பவுமே ஏறமாட்டீங்களா?"

"மத்த நாள்ல நீங்க குடிக்கறதில்லைன்னு எனக்கும் தெரியுமுங்க. அடுத்த கெடா விருந்து முடிஞ்சு இந்த வழியா வாங்க. அன்னைக்குப் பாக்கலாமுங்க."

அடுத்த கெடா விருந்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதுவரை அவர் யாரையும் ஏறச் சொல்லி நான் பார்க்கவில்லை. விருந்துக்கு முந்தின வாரம் மாடிக்கு வந்தார்.

"அம்மணி, நீங்க மதுரக்காரங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றீங்க?"

"வேண்டாம்னுதான் சொல்வோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. வாயை மூடிக்கணும்."

ஒத்திகை பார்த்தோம். நான் காப்பி டம்ளரை நீட்டினேன். "வேண்டாமுங்க" என்றார். "நல்லா இருக்கும், குடிங்க" என்றேன். வாங்கிக் குடித்துவிட்டார். மறுபடி நீட்டினேன். "வேண்டாமுங்க, உங்களுக்குச் சிரமம், அக்காளுக்குக் கொடுங்க, அவ குடிப்பா" என்று நீளமாகப் போனார். மூன்றாவது டம்ளரையும் அவர் குடித்த பிறகு எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

விருந்தன்று நானும் போயிருந்தேன். பந்தி முடிந்து மைத்துனர் அவரை மர நிழலுக்குக் கூப்பிட்டார். பெண்கள் பக்கம் பாத்திரத்தோடு நின்ற அக்கா, கரண்டியைக் கையில் வைத்தபடியே அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் ஊற்றி நீட்டினார்.

"வேண்டாம் மச்சான்."

"என்ன மாப்ள, வெளையாடறீங்களா? பிடிங்க."

"வேண்டாம் மச்சான். வண்டி ஓட்டோணும்."

"ஒருக்கா போலீஸ் புடிச்சதுக்கு இத்தன பயமா? அப்ப நான் ஊத்துனா குடிக்க மாட்டீங்க?"

அவருக்கு வேர்த்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உதடு ஏதோ சொல்லப் போய் நின்றுவிட்டது. சமாதானம், காரணம், மன்னிப்பு எதுவும் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மைத்துனர் டம்ளரைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அடுத்த பொங்கல் வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இது அக்காவுக்குப் பெரிய துக்கம். ஆனாலும் அன்று அக்கா நேரே போய் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

திரும்பும்போது முன்சீட்டில் அக்கா, பின்னால் நான். பக்கத்து ஊர் ஸ்டாப்பில் டீச்சரும் மகளும் நின்றார்கள். வேனை நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். ஏறுங்க என்று கூப்பிடவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவரும் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அப்புறம் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

"ஏறு கண்ணு" என்றார் மகளிடம்.

அவள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினார்.

"நீங்களுங்க?" என்றார் அவர்.

"எனக்குச் சென்டர்ல கொஞ்சம் வேல கெடக்குதுங்ணா. புள்ளய ஊட்ல எறக்கி உட்டுருங்க."

எதிரே இருந்த அங்கன்வாடி சென்டர் பூட்டியிருந்தது, நாங்கள் எல்லோரும் பார்க்கவே பூட்டியிருந்தது. அவர் சாவியைத் திருப்ப மறந்தே போனார். அக்காதான் தோளைத் தொட்டார். அதற்குப் பிறகு அவர் ஓட்டியதை ஓட்டுவது என்றே சொல்ல முடியாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. சைக்கிளில் ஒரு தாத்தா போனார். பின்னாலேயே டவுன்பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து தாண்டிப் போனது. "மாமா, நடந்திருந்தா இந்நேரம் போயிருப்பேன்" என்றாள் அந்தப் பெண். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வீட்டைத் திறந்து வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா, நீ எப்ப வந்தே? வேல இருக்குதுன்னியே?"

டீச்சர் அவளுக்குப் பதில் சொல்லாமல் வேன் பக்கம் வந்தார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு தாண்டறப்ப நீங்க ஓட்டறதப் பாத்தனுங்ணா" என்றார். "நாளைக்குக் காலைல எட்டரைக்கு நிப்பேன். நானும் வாரனுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அதே வேகத்தில் வேனை வீட்டுக்கு விட்டார்.